சொட்டை வக்கீலின் பழைய தொப்பை

சொட்டை வக்கீல் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை. வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கப் படக்கதையில் ஆறு கட்டங்களுக்குள் வாதாடி, ஏழாவது கட்டம் இல்லாத ஒரே காரணத்தால் அடி வாங்காமல் தப்பித்துக்கொண்டிருந்த மனிதர். அவரைப் பெற்றெடுத்தவர் அண்ணன். அவருக்கு நீதிமன்றம், நாற்காலி, பின்னால் கூட்டம், பேச்சுக் குமிழிக்குள் எழுத்து எல்லாம் போட்டுக்கொடுத்தவள் தங்கை. தலை பாதி நரைத்து, மூக்கில் கண்ணாடி ஏறிய பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள்.

அந்த வக்கீல்தான் இப்போது இளைத்துப்போனார். ஒரே நாளில் அல்ல. ஆரம்பத்தில் அண்ணன் தடித்த பிரஷ்ஷை மையில் தோய்த்து, முகவாயில் ஆரம்பித்து முழங்கால் வரை ஒரே இழுப்பில் தொப்பையை இறக்குவார். பார்த்தாலே சிரிப்பு வரும். பிறகு பிரஷ் போய்ப் பேனா வந்தது. கோடு மெலிந்தது. இது எதற்கு, அது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். முதலில் கோட்டுப் பொத்தான் போனது, அப்புறம் நிழல், அப்புறம் ஒரு காதே போனது. இப்போதெல்லாம் தொப்பை என்பது இரண்டு கீற்று, நடுவில் வெறும் காகிதம். பாப்பாவைக் கேட்டால் அண்ணன் வரைந்ததிலேயே இதுதான் உசத்தி என்பாள். வாசகர்களைக் கேட்டால், வக்கீலுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்கிறார்கள்.

பத்திரிகை ஆசிரியர் போனில் சுற்றி வளைக்கவில்லை. "பழைய வக்கீல் வேணும் சார். அந்தத் தொப்பை, அந்த முழி. இந்த இதழ்ல அவர் வரலைன்னா கடைசிப் பக்கத்தை வேற யாருக்காவது குடுத்துடுன்னு மேல சொல்லிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் கை போட்ட கோடுதானே. திரும்பப் போட முடியாதா என்ன?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முடியவில்லை. அலமாரி மூலையில் கிடந்த பழைய பிரஷ்ஷைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார், கிழித்தார், மறுபடி போட்டார். ஒரு வக்கீல் பூசணிக்காய் மாதிரி இருந்தார். இன்னொருவருக்கு வயிற்று வலி போலத் தெரிந்தது. கடைசியில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் பழைய பக்கத்தை வைத்து, மேலே காகிதத்தைப் போட்டுக் கோட்டுக்குக் கோடு பிரதி எடுத்தார். அளவெல்லாம் அச்சு அசல். உயிர் மட்டும் இல்லை.

காபியோடு வந்த அண்ணி எட்டிப் பார்த்தாள். "பாஸ்போர்ட் படத்துக்கு உக்காந்த மாதிரி இருக்காரே. மூச்சு விடச் சொல்லுங்க."

வேறு நாளாக இருந்தால் அண்ணன் பதிலுக்கு அவளை வம்புக்கு இழுத்திருப்பார். அன்று காபியை மட்டும் வாங்கிக்கொண்டார். பாப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், கிழித்த காகிதங்களைப் பொறுக்கினாள்.

ஏனென்றால் அவளுக்கு ஒரு சங்கதி தெரியும். பழைய வக்கீல் எங்கும் போய்விடவில்லை, அவள் கைக்குள்தான் இருந்தார். அண்ணன் வெளியே போன நேரமெல்லாம் அவர் படங்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டுப் பழகியவள் அவள். அண்ணனின் கை எங்கெங்கோ போனது. அவள் கை கற்ற இடத்திலேயே நின்றுவிட்டது. வக்கீலுக்குப் பின்னால் பெஞ்சில் தூங்குகிறவர்கள், கொட்டாவி விடும் காவலர், வாசல் கூட்டம், அத்தனை பேரும் இன்றைக்கும் அண்ணனின் இளவயதுக் கோட்டில்தான் வாரா வாரம் வந்துபோனார்கள். சுண்டுவிரல் அளவு ஆட்களை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

அவள் வரைந்தால் வக்கீல் பிழைத்துவிடுவார். ஆனால் அண்ணன்? தன்னால் முடியாததைத் தங்கை ஊதித் தள்ளிவிட்டாளே என்று மனம் விட்டுப்போனால்? அந்த முகம் வாடினால் அவளால் தாங்க முடியாது. வெறும் காகிதத்தில் ஆள் எழுந்து நிற்பான் என்பதையே அவளுக்குக் காட்டிய முகம் அது.

"வக்கீலுக்கு வயசாயிடுச்சு பாப்பா, ஓய்வு குடுத்துடலாம்," என்று அண்ணன் போனை எடுத்தார். அதற்கு மேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"போனை வை. கொஞ்சம் தள்ளி உக்காரு அண்ணா."

பிரஷ்ஷைத் தோய்த்தாள். ஒரே இழுப்பு. தொப்பை வந்து மேசையில் உட்கார்ந்தது. பின்னாலேயே முழி, கோட்டு, பொத்தான்.

அண்ணன் படத்தைப் பார்த்தார். பிறகு போன வாரத்துப் பக்கத்தை எடுத்து, பின்னால் நின்ற கூட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதற்கு முந்தையதையும் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"கோவமா அண்ணா?"

"கோவந்தான். உன் மேல இல்ல." அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்கு அலுத்தப்பல்லாம் நான் பாட்டுக்குக் கோட்டை மாத்திக்கிட்டுப் போயிட்டேன். நீ என் பழைய சட்டையவே போட்டுக்கிட்டுப் பின்னாலயே நின்னிருக்க. ஒரு நாளாவது திரும்பிப் பாத்தேனா நான்?"

"எனக்கு அது புடிச்சுது."

"புடிக்கட்டும். உன் கோடு எது பாப்பா?"

அப்படி யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

படத்தைப் போனில் அனுப்பியதும் ஆசிரியர் அழைத்தார். "இதான் சார், இவரேதான். எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"பக்கத்து நாற்காலியில," என்றார் அண்ணன். "வரைஞ்சது என் தங்கச்சி. இந்த வாரம் இதைப் போடுங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வக்கீல் அவ பொறுப்பு, அவ இஷ்டம். கூட்டம், நாற்காலியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"தொப்பை இருக்குமில்ல?"

அண்ணன் பாப்பாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். "இருக்குமாம்."

"அப்ப சரி," என்று ஆசிரியர் வைத்துவிட்டார்.

அண்ணன் அவள் முன்னால் வெள்ளைக் காகிதத்தை வைத்தார். "வரை. என்னை மாதிரி வந்தா கிழிச்சிடுவேன்."

முதல் வக்கீல் அவரை மாதிரியே வந்தார். கிழித்தார். இரண்டாவதையும் கிழித்தார். மூன்றாவதைப் பாப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பென்சிலைப் படுக்கவைத்து, வந்தது வரட்டும் என்று இழுத்தாள். ஒரு தோள் தூக்கி, தலை சாய்ந்து, தொப்பையோடு எங்கோ நழுவிப்போகிறவர் போல ஒருவர் வந்தார்.

"நல்லாவே இல்லையே," என்றாள் அண்ணி.

அண்ணன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாப்பா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அவர் கிழிக்கவில்லை. தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பென்சிலை எடுத்தார்.

"கூட்டத்தையும் இதே மாதிரி போடணுமே. எனக்கு இந்தக் கோடு வராது பாப்பா. சொல்லிக்குடு."