இந்த டவர் என் வீட்டுத் தூண்

ஜாஸிபும் அவன் அண்ணன் மகன் முத்தஷரும் கைபேசிகளை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அமாரா பக்கம் பழிவாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் அப்படித்தான். நாளைக்குப் போலீஸ் கேட்டால், ஆள் வீட்டில்தான் இருந்தான் என்று கைபேசியே சாட்சி சொல்லும். முத்தஷரின் தாய், அண்ணி நஷ்மியா இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவன் செத்தான்னு காதால கேக்குற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது," என்றாள். அவள் புருஷன் குவைரை வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் சுட்டுக் கொன்றவன் லஃப்தா.

அந்த லஃப்தா இன்று ஜாஸிபின் நிலத்துக்கே வந்திருந்தான். கோதுமை வயலோரத்துக் கைபேசி டவரில் ஆறாம் தலைமுறை சிக்னல் பெட்டிகளை மாட்டக் கம்பெனி வண்டி அவனை இறக்கிவிட்டுப் போயிருந்தது. முகத்தைத் துணியால் மூடியிருந்தாலும் அவன் எப்போதும்போல இடக்கையால் சுத்தியல் பிடிப்பதை முத்தஷர் பார்த்துவிட்டான். திமிரோ, பசியோ, ஆடு தானாகவே கசாப்புக் கடைக்கு வந்திருந்தது.

உச்சி வெயில். முத்தஷர் அண்ணாந்து கத்தினான்: "லஃப்தா! மேல இருந்து பாத்தா ஊரே தெரியுமாமே? எங்கப்பன் தெரியறாரா பாரு!"

முதல் குண்டு ஜாஸிபுடையது. அது புதுப் பெட்டியைப் பிளந்தது. அடுத்தது லஃப்தாவின் வலது தோளைக் கிழித்தது. அவன் கயிற்றில் தொங்கி, இரும்பில் மோதி, பாதி சறுக்கியும் பாதி விழுந்தும் தரைக்கு வந்தான். ஜாஸிப் அவன் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டினான். பொய் சொல்வானேன், மனசு குளிர்ந்தது.

லஃப்தா டவரின் இரும்புக் காலைக் கட்டிக்கொண்டான். "ஜாஸிப்! உன் வீட்டுத் தூணைப் பிடிச்சிருக்கேன். அடைக்கலம்!"

ஜாஸிபின் விரல் விசையிலேயே நின்றுவிட்டது.

போன வருஷம் குலச் சண்டைகளில் டவர்கள் சல்லடையானபோது, பஞ்சாயத்தில் எழுந்து நெஞ்சில் அடித்துச் சொன்னவன் அவன்தான்: "என் நிலத்துல நிக்கிற டவர் என் வீட்டுத் தூண். அதைத் தொடறவன் என் வீட்டைத் தொடறான்." பெரியவர்கள் மீசையைத் தடவி ஒப்புக்கொண்டார்கள். வீட்டுத் தூணைப் பிடித்தவன் கொலைகாரனே ஆனாலும் காப்பாற்ற வேண்டும்; தவறினால் குலமே முகம் கறுத்துத் திரிய வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் மனுஷன்.

"தள்ளு சித்தப்பா."

"விடுடா. தூணைப் பிடிச்சுட்டான்."

"தூணாவது துரும்பாவது! இரும்புக் கம்பிக்கு எங்கப்பன் ரத்தத்தை விக்கிறியா?"

"எனக்கும் அண்ணன்டா அவன்! இங்க வேணாம். என் நிலத்தைத் தாண்டட்டும், தேடிப்பிடிச்சுக் கொல்லுவோம். நானும் வரேன்."

"உன் வாக்கை நீயே வச்சு நக்கு." முத்தஷர் துப்பாக்கியைத் தூக்கினான்.

ஜாஸிப் சுட்டான். தொடையைத்தான் குறிவைத்தான், தொடையில்தான் பட்டது. ஆனால் ரத்தம் மடை திறந்தாற்போல் பீய்ச்சியது. தலைத்துணியை அவிழ்த்து இறுக்கினான். துணி தொப்பலாக நனைந்து, விரலிடுக்கில் சூடாக வழிந்தது.

"கண்ணை மூடாதேடா, ராசா! டேய் லஃப்தா, போனைக் குடு!"

லஃப்தா நீட்டினான். "சிக்னல் இல்ல. நீ மொதல்ல சுட்டது பெட்டியைத்தான்."

நாட்டிலேயே புத்தம்புது டவரின் நிழலில் மூன்று பேர். ஒரு டாக்டரைக் கூப்பிட வழியில்லை. ஜாஸிப் அந்த இரும்பின்மேல் காறித் துப்பினான்.

லஃப்தா எழுந்தான். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடக்கையால் மறுபடி ஏறினான். பழைய பெட்டி இன்னும் மேலேதான் இருந்தது. அவன் தோள் ரத்தம் சொட்டுச் சொட்டாக ஜாஸிபின் முதுகில் விழுந்தது. அதன் கம்பிகளை இழுத்துக் கட்டி, முறுக்கி, கடைசியில் கத்தினான்: "வந்துடுச்சு, பாரு!"

வந்துவிட்டது. முத்தஷரின் கை அதற்கு முன்பே குளிர்ந்து போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு இனி வேலையில்லை. வீட்டுக்குச் சொல்ல வேண்டும். ஜாஸிபுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான், அவனுடையது. அதை அழுத்தினான். மணி ஒருமுறை முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் நஷ்மியா.

"முடிஞ்சுதா?" என்று ஆசை ஆசையாகக் கேட்டாள்.