குவளை மூடி

"அய்யோ அண்ணி, தண்ணிய ஊத்தாதீங்க!"

நல்லம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். செத்துக் கூடத்தில் கிடத்தியிருந்த அவள் புருஷன் சன்னாசியின் தலைமாட்டில், அவள் செய்து வைத்த வாசனைச் சட்டி குப்பென்று எரிந்துகொண்டிருந்தது. நாத்தனார் ராக்காயி செம்புத் தண்ணீரும் கையுமாக நின்றாள். எரிகிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் வீடே போச்சு! கைக்கு அகப்பட்டது சன்னாசியின் கோப்பிக் குவளை மூடிதான். அதைத் தீயின் மேல் கவிழ்த்தாள். தீ அடங்கியது. கிண்ணத்தில் மட்டும் விரிசல் ஓடிவிட்டது.

"வெளக்குன்னு நெனச்சேன்லா. தண்ணிய கொட்டிட்டு நல்லெண்ண ஊத்தித் திரி போட்டேன்" என்றாள் ராக்காயி.

அவளைத் திட்டி என்ன பயன்? எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துத் திரி போடத் தோன்றாதவள் இந்த ஈப்போவில் எவள் இருக்கிறாள்?

லகாட் ஈயச் சுரங்கத்தில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன் சன்னாசி. ஊதுபத்திப் புகை பட்டாலே இருமிச் சுருண்டுபோவான். சாமி கும்பிட்டால் வீடு மணக்க வேண்டாமா? செமோர் பீங்கான் கம்பெனியில் வேலை செய்த நல்லம்மாள் அவனுக்காகவே இதை வனைந்தாள். கீழே மெழுகுவத்தி, மேலே கிண்ணத்தில் தண்ணீர், அதில் நாலு சொட்டு எலுமிச்சம்புல் எண்ணெய். மணம் வரும், புகை வராது. ஆபத்தில்லாமல் இருந்தால் நூறு சுடலாம், திங்கட்கிழமை கொண்டு வா என்று முதலாளியே சொல்லியிருந்தார்.

சன்னாசிதான் தலையாட்டவில்லை. "நம்மாளுங்க திரி போட்ருவாங்க புள்ள. வீடு பத்திக்கும்."

"போங்கலா, யாரு அப்படிச் செய்வா?"

பாவி மனுஷன், செத்தும் ஜெயித்துவிட்டானே! நல்லம்மாள் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பாடை போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ராக்காயி பாயையும் குவளையையும் தூக்கிப்போட எடுத்தாள்.

"மூடிய மட்டும் குடுங்க அண்ணி."

"செத்தவன் சாமான் எதுக்குடி?"

"திங்கக்கெழம காட்டணும்ல?"

ஈரச் சாக்கில் வைத்திருந்த களிமண்ணைத் தட்டையாக்கி, குவளை மூடியை அழுத்தி வட்டம் எடுத்தாள். அதில் மணம் வெளியேற ஊசியால் துளைகள் போட்டாள். சட்டியின் வாயை இனி இந்த மண் மூடி ஒட்டி அடைத்துக்கொள்ளும்; தண்ணீரும் எண்ணெயும் துளை வழியாகத்தான் இறங்கும்.

ராக்காயி பக்கத்தில் குந்தி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கடி திரி போடுறது?"

நல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சொல்ல, பழக்கத்தில், அவன் கட்டில் பக்கம் திரும்பினாள்.