பிரேக்கில் கால்

அந்தக் கார் ஷெட்டுக்குள் வந்து நின்றால் மட்டும் உலக யோக்கியன். ரோட்டில் பாறாங்கல்லைக் கட்டி இழுக்கிற மாதிரி இழுக்கும். ஷெட்டில் மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரம் காத்தாடியாய்ச் சுற்றும். இதோடு ஐந்து தடவை. பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, டயரில் காற்றும் பார்த்தாயிற்று. கடைசியில் எரிச்சல் தாங்காமல் வண்டிக்காரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

"வண்டியில ஒண்ணுமில்லம்மா. டிரைவர் பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டுறாரு."

டிரைவர் வேறு யாருமல்ல, மெக்கானிக்கின் தங்கை புருஷன்.

வண்டிக்காரம்மா எட்டு வாடகைக் கார் வைத்திருப்பவர். அளந்துதான் பேசுவார். "இன்னொரு தடவை இழுத்துச்சுன்னா சாவிய வச்சுட்டுப் போயிடுங்க" என்று டிரைவரிடம் சொன்னார். அது நேற்று. இன்று காலை ஏர்போர்ட் போய்த் திரும்பும்போது மறுபடி இழுத்தது. சாயங்காலம் சாவியோடு வரச் சொல்லியாயிற்று.

மத்தியானமே தங்கை, தன் புருஷனையும் காரையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து நின்றாள்.

"ஏண்ணே, தங்கச்சி வீட்டு அடுப்புல தண்ணி ஊத்தத்தான் ஸ்பானர் புடிச்சியா?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? உன் புருஷன் கால் பழக்கம் அது."

"சத்தியமா நான் கால வைக்கல மச்சான்" என்றான் மாப்பிள்ளை. பதினாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன். குரல் உயராது. அந்த உயராத குரலைக் கேட்டால் மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சரி மாப்ளே, வண்டிய எடு. நீ முன்னாடி உக்காரும்மா. அவன் கால விட்டுக் கண்ண எடுக்காத." டூல் பையோடு அவர் பின்சீட்டில் ஏறினார்.

சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ரோடாகப் பார்த்து ஓட்டச் சொன்னார். தங்கை செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, புருஷன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வச்சாரு, சிக்னலு. எடுத்துட்டாரு. எடுத்துட்டாருண்ணே. இப்பவும் வைக்கல."

"வாய மூடிக்கிட்டுப் பாரு."

"வாய மூடினா உனக்கு யாரு சொல்றது?"

இருபது நிமிஷத்தில் வண்டி முனக ஆரம்பித்தது. பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொன்னார். உருண்டு ஓட வேண்டிய வண்டி பாதி இறக்கத்தில் சண்டி மாடு மாதிரி நின்றது.

"இப்ப கால் எங்க?"

"ரெண்டு காலும் கீழ. எட்டிப் பாத்துக்கோ!"

எட்டிப் பார்த்தார். கீழேதான் இருந்தன.

ஓரம் கட்டி இறங்கினார்கள். முன்சக்கரங்களில் தீய்ந்த வாடை. பாட்டில் தண்ணீரைத் தெளித்தால் சுர்ரென்றது. ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரம் அசைய மறுத்தது. இந்தப் பக்கம் மட்டுமில்லை, அந்தப் பக்கமும். இரண்டும் சேர்ந்து பிடிக்கிறதென்றால் கோளாறு சக்கரத்தில் இல்லை, பெடல் பக்கம். பானெட்டைத் திறந்து பிரேக் சிலிண்டரின் இரண்டு நட்டைத் தளர்த்தி, சிலிண்டரை ஒரு நூல் முன்னால் இழுத்தார்.

"இப்ப சுத்து மாப்ளே."

ஒரு விரலுக்கே சுற்றியது.

மெக்கானிக் நட்டுகளைத் திரும்ப முடுக்கிவிட்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழே தலையை விட்டு, பெடலிலிருந்து சிலிண்டருக்குப் போகிற ராடைப் பார்த்தார். அதன் நட்டில் மஞ்சள் பெயின்ட் பொட்டு. அவர் வைத்த பொட்டு. போன மாதம் பெடல் கீழே போகிறதென்று வண்டிக்காரம்மா சொன்னபோது ராடை நீட்டினார். ஒரு சுற்று போதும். ஆனால் எதிலும் ஒரு சுற்று கூடுதலாக வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ராட் நீண்டுபோனதால் பெடலை விட்டாலும் சிலிண்டர் லேசாய் அழுந்தியே நிற்கும். ஓட ஓட பிரேக் ஆயில் சூடாகி விரியும், திரும்பிப் போக வழியில்லாமல் தானே பிரேக்கைப் பிடிக்கும். ஷெட்டில் வரிசையில் நின்று ஆறின பிறகுதான் இவர் ஜாக்கி போடுவார். அப்புறம் எப்படிப் பிடிபடும்?

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று தன்னையே திட்டிக்கொண்டு ராடைக் குறைத்தார். சூடு ஆறியதும் அதே ரோட்டில் இன்னொரு சுற்று. பாலத்து இறக்கத்தில் வண்டி தண்ணீராய் ஓடியது.

தங்கை போனை எடுத்து, நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"வண்டி சரியாயிடுச்சும்மா. சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்."

"அப்போ டிரைவர் கால்?"

தங்கை முறைத்தாள். மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தான்.

"அவரு கால வைக்கலம்மா. போன மாசம் பெடல நான்தான் அளவு தப்பா வச்சுட்டேன்."

"எத்தனை வண்டிக்கு அப்படி வச்சீங்க?"

"இதோட மூணு."

"மத்த ரெண்டையும் நாளைக்கே பிரிங்க. கருகின பிரேக் பேடெல்லாம் உங்க செலவு. டிரைவர வழக்கம்போல ஆறு மணிக்கு ஏர்போர்ட்டுக்குப் போகச் சொல்லுங்க." போன் வைக்கப்பட்டது.

"விடுங்க மச்சான், யாருக்கும் வர்றதுதான்" என்றான் மாப்பிள்ளை, அதே குரலில்.

"யோவ், நாலு வார்த்தை திட்டித் தொலையேன்யா!"

"அதுக்கு நான் இருக்கேன்ல" என்றாள் தங்கை, கதவைத் திறந்து ஏறிக்கொண்டே. "நீங்க வண்டிய எடுங்க. ஷெட்டு போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும்."