மாடியிலிருந்து ஒரு "நிறுத்துங்கடா"

பெரிய ராக் குழுக்களின் பிரபலமான பாட்டுகளில் ஒரு தொல்லை உண்டு. எல்லோருக்கும் ஆரம்பம் மட்டும் தெரியும். கிட்டார் டண் டண் டடண் என்று தொடங்கியதும் "அட, இதுவா" என்று தலையை ஆட்டுவார்கள். அதற்கப்புறம் ஒரு வரி கேளுங்கள், திருதிருவென்று விழிப்பார்கள். பீட்டில்ஸ், குயீன், லெட் செப்பலின், யாராக இருந்தாலும் இதே கதைதான். எங்கள் குழுவுக்கும் அந்த வியாதிதான், கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

குழு என்றால் மூன்றே பேர். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், டிரம்ஸ் அடிப்பேன். கிட்டார், தெருமுனைப் பல் டாக்டர். பாடுவது என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவனுக்கு நல்ல குரல். அதை எப்போது வெளியே விடுவது என்பதில்தான் சிக்கல். டாக்டர் வாசித்துக்கொண்டே அவனிடம், "வாயை இன்னும் கொஞ்சம் பெரிசா தொறங்க" என்பார். பழக்கதோஷம்.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே அறையை என் டிரம்ஸ் பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறாள். சத்தமில்லாத இடம் வேறு இல்லாமல் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வகுப்பெடுத்தாள். ஒரு நாள் யாரோ ஒரு குட்டிப் பெண், "மிஸ், நீங்க ஏன் குகைக்குள்ள இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறது. அன்றைக்கு ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டே வெளியே வந்தாள்.

"உலகப் புகழ் ராக் பாட்டுப் போட்டின்னு ஏதோ பேர் கொடுத்திருக்கீங்களே. அதுல முதல் மூணு இடத்துக்குள்ள வாங்க, அந்த ரூம் உங்களுக்கே. வரலைன்னா டிரம்ஸ் இந்த வீட்டை விட்டுக் கிளம்பணும். சரியா?"

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், ஸ்டூல் அவள் கையில் இருந்தது. ஆனால் அந்த டிரம்ஸ் இல்லாத வீட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

விழுந்து விழுந்து பயிற்சி செய்தோம். உலகத்தில் கிட்டார் வாங்கிய எவனும் முதல் வாரமே முயன்று பார்க்கிற பாட்டு அது. கிட்டார் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வரும். சுற்றி முடித்ததும் பாடகன் அடிவயிற்றிலிருந்து ஒரு அலறலோடு உள்ளே வரவேண்டும். மச்சினன் மிகச் சரியாக வந்தான். ஒரு முறைகூடப் பிசகவில்லை. எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

எங்கள் சந்தோஷத்துக்கு ஒரே இடைஞ்சல் மாடி டீச்சர். மேல்வீட்டில் தனியாக இருக்கிறவர், பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனை இந்தக் கோடியிலிருந்து நிற்க வைத்த தொண்டை. நாங்கள் பாட்டைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திறக்கும். "நிறுத்துங்கடா" என்று ஒரு சத்தம் வரும். நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

போட்டி நாள் மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. எங்களுக்கு முன்னால் வங்கிக்காரர்கள் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை, டையைக்கூடத் தளர்த்தாமல், அழகாகப் பாடிவிட்டு இறங்கினார்கள். மனைவி முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஆரம்பித்தார். கூட்டம் "அட, இதுவா" என்று தலையை ஆட்டியது. நானும் சேர்ந்துகொண்டேன். மெட்டு ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. மச்சினன் மைக்கைப் பிடித்தபடி நின்றான். டாக்டர் அவனைப் பார்த்தார், அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து மண்டபத்துக் கூரையைப் பார்த்தோம்.

அப்போதுதான் விஷயம் உறைத்தது. இத்தனை நாளும் அவன் பாட்டைக் கேட்டு உள்ளே வரவில்லை. டீச்சரின் "நிறுத்துங்கடா"வைக் கேட்டுத்தான் வந்திருக்கிறான்.

"எப்ப ஆரம்பிக்கிறதுன்னு தெரியல மாமா" என்றான் மச்சினன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சருக்கு போன் போடு" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை. டாக்டர் பாவம், அதே மெட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். மச்சினன் போனை மைக்கில் வைத்தான். மண்டபம் முழுக்க டீச்சர் குரல்.

"யாருப்பா?"

"கீழ்வீட்டுக்காரங்க, டீச்சர்" என்றான் மச்சினன்.

"ஏன் வீட்டுல சத்தத்தையே காணோம்? யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"போட்டியில இருக்கோம் டீச்சர். மேடையில. எங்களைக் கொஞ்சம் திட்டுங்களேன்."

"சே சே. போட்டிக்குப் போன பிள்ளைங்கள யாராவது திட்டுவாங்களா? நல்லா வாசிச்சுட்டு வாங்க."

கூட்டம் சிரித்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. இவருக்கு எப்படியாவது கோபம் வரவேண்டுமே என்று பலம்கொண்ட மட்டும் டிரம்ஸை விளாசினேன்.

"அடடா" என்றார் டீச்சர். "தூரத்துல இருந்து கேட்டா நல்லாத்தாம்ப்பா இருக்கு."

மணி அடித்துவிட்டார்கள். எங்கள் நேரம் முடிந்தது. நடுவர் ஒருவர் எங்களிடம் மரியாதையாக, "அந்த போன் பேச்சு புதுசா இருந்துச்சு. பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார். மண்ணைக் கவ்வியதை இதைவிட நாகரிகமாக யாரும் சொல்ல முடியாது.

மனைவி குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. மறுநாள் டிரம்ஸைக் கழற்றி ஒவ்வொன்றாக வாசலில் கொண்டுவந்து வைத்தேன். வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை, வைக்க இடமும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாடிப்படியில் டீச்சர் இறங்கி வந்தார். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க போகுது இதெல்லாம்?"

"தெரியல டீச்சர்."

"வீடு கப்சிப்னு கெடந்தா நான் யாரைத் திட்டுறது? என் முன் ரூம் சும்மாதானே கெடக்கு, கொண்டாந்து போடு."

என் மனைவியிடம் கேட்டேன். "டிரம்ஸ் இந்த வீட்டை விட்டுப் போகணும், அவ்வளவுதான். எங்க போனா எனக்கென்ன?" என்றாள். அவளுக்கு அறை கிடைத்த சந்தோஷம். அன்றே மேஜையும் பலகையும் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேலே கூடினோம். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் எதிரிலேயே உட்கார்ந்தார். டாக்டர் ஆரம்பித்தார். மெட்டு சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. டீச்சர் காலால் தாளம் போட்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

"திட்டுங்க டீச்சர்" என்று கெஞ்சினான் மச்சினன்.

"என் வீட்டுக்கு வந்தவங்களை நான் எப்படிப்பா திட்டுவேன்?"

அவ்வளவுதான், இந்தப் பாட்டுக்கு நமக்குக் கொடுப்பினை இல்லை என்று நான் குச்சியைக் கீழே வைக்கப் போனேன். அப்போது கீழ் ஜன்னல் படாரென்று திறந்தது.

"என்னங்க, நிறுத்தப் போறீங்களா இல்லையா? வகுப்பு நடக்குது இங்க."

மச்சினனின் வாய் தானாகத் திறந்தது. அப்படி ஒரு அலறலை நான் அவனிடம் கேட்டதேயில்லை. டாக்டர் துள்ளினார். பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஓடி முடிந்தது. நான் குச்சியை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

டீச்சர் மட்டும் திருப்தியில்லாமல் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"அம்மா, நல்லாத்தான் கத்துன. ஆனா நாலு சுத்து தள்ளிக் கத்திட்ட. அடுத்த தடவை கொஞ்சம் எண்ணிப் பார்த்துக் கத்து."

கீழ் ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை நீண்டது.

"எண்ணிப் பார்த்தா?" என்றாள் என் மனைவி. "கணக்குல நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்றீங்களா? எங்க, மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்க அவங்களை."