கட்டிலில் ஏறிய மண்

1

இந்தக் கதை போன வாரம், பழைய கட்டிலைப் பழுதுபார்த்தபோது தொடங்கியது. ஆடுகிறதே என்று தச்சர் சட்டத்தைத் தட்டிக் கழற்றினார். கால்மாட்டு இடுக்கிலிருந்து கொஞ்சம் மண் தரையில் உதிர்ந்தது. சங்கரன்கோவில் கோயிலின் புற்றுமண். நாங்கள் நெற்றியில் பூசுவோம், நோய் வந்தால் நாக்கிலும் வைப்போம். யாரும் கட்டிலில் வைப்பதில்லை. வைத்தவள் நான்.

2

முதலில் இப்படி எழுதினேன்: 'நம் மரபில் பூமி வெறும் மண்ணன்று. அவள் அன்னை, பொறுமையின் வடிவம், அவளிடமிருந்தே எல்லா உயிர்களும்…'

அடித்துவிட்டேன். பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் என் வீட்டுக்காரர் இல்லை.

மறுபடி: 'சண்முகையா ராயகிரிக்காரர். கிணறு வெட்டுகிறவர்.'

இது நிற்கும். காலையில் எழுந்ததும், பாதத்தை ஊன்றுமுன் குனிந்து விரலால் தரையைத் தொடுவார். "பொறுத்துக்கோ தாயி, மிதிக்கப் போறேன்." பிறகு சைக்கிளில் போய், பாறையில் குழி போட்டு வெடி வைப்பார்.

காலையில் மன்னிப்பு, வெயில் ஏறினால் வெடி, நல்ல பக்திதான் என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"ஏட்டி, வெடிக்கும் சேத்துத்தான் கேக்கேன். வெறும் மிதிக்கு யாரு மன்னிப்பு கேப்பா?"

(அடைப்புக்குள் ஒன்று. ஆடித் தபசில் சங்கரன்கோவில் கோமதியம்மன் ஒற்றைக் காலில் நிற்பது, சிவனையும் நாராயணனையும் ஒரே உருவில் காண்பதற்கு. இவர் சொன்ன காரணம் வேறு: மறுகாலையும் ஊன்றினால் பூமிக்கு வலிக்குமாம். எந்தப் புராணத்திலும் இது இல்லை. இந்தக் கதையில் இருக்கட்டும்.)

3

எண்பத்து நாலாம் வருஷம் படுத்தார். வெட்டிய பாறையெல்லாம் தூளாகி நெஞ்சுக்குள் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்த்தே வைத்திருங்கள், மட்டமாகப் படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்றார் டாக்டர்.

எங்கள் பக்கத்தில் கட்டிலில் உயிர் போக விடமாட்டார்கள். நேரம் நெருங்கியதும் தரையில் இறக்கி, தெற்கே தலை வைத்துக் கிடத்துவார்கள். பூமியிலிருந்து வந்தவர் அவள் மடியிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

இவர் கேட்டதும் அதைத்தான். "கீழ இறக்கு முருகம்மா. அவ மேல கிடக்கேன்."

இறக்கினால் மூச்சு நிற்கும். நான் சம்மதிக்கவில்லை.

அவருடைய அக்கா பேச்சித்தாய் சிவகிரியிலிருந்து வந்தார். அந்தரத்தில் போகிற உயிர் அலையும் என்று சொல்லிப் பார்த்தார், அழுது பார்த்தார்.

"இறக்கிட்டா நாளைக்கு நான் யார்கூடப் பேச, மதினி?" என்றேன்.

மதினி எழுந்து போய்க் கஞ்சி வைத்தார்.

(மதினியைக் கொஞ்சம் கடுமையானவளாக எழுதினால் கதைக்கு நன்றாயிருக்கும். அவர் அப்படி இல்லை.)

4

அவரைக் கீழே இறக்காமல் பூமியைத் தொடவைக்க ஒரு வழிதான் தெரிந்தது. கோயிலுக்குப் போய்ப் புற்றுமண்ணைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, அவர் பாதங்களுக்குக் கீழே பரப்பினேன்.

கால்விரலால் அளைந்து பார்த்தார். "என்னட்டி இது?"

"நீங்க கீழ போகாண்டாம். அவ மேல வந்திருக்கா."

சிரித்தார். சிரிப்பின் பாதியில் இருமல் வந்து, அடங்க நேரமாயிற்று. "அவளையே கட்டில்ல ஏத்திட்டியா. எறும்பு வரும்ட்டி."

வந்தது. தட்டப் போனேன், விடவில்லை. அதுகளும் அவ பிள்ளைகதானே என்றார்.

பிறகு குனியப் பார்த்தார். விரல் முழங்காலைத் தாண்டவில்லை. நான் அவரை முன்னால் சாய்த்துப் பிடித்து, கையை எடுத்து மண்ணில் வைத்தேன்.

"பொறுத்துக்கோ தாயி," என்றார்.

மண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இப்ப இறக்கு."

5

முடிவு ஒன்று: மதினி கால்பக்கம் பிடிக்க, நான் தலையைத் தாங்கி, மெல்ல…

முடிவு இரண்டு: நான் இறக்கவில்லை. விடியும்போது, சாய்ந்தபடியே, பாதத்தில் மண்ணோடு…

இரண்டில் ஒன்றுதான் நடந்தது. இரண்டையுமே என்னால் முடிக்க முடியவில்லை. முற்றுப்புள்ளி வைக்காதவரை, இந்தத் தாளில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், எறும்பைப் பார்த்துக்கொண்டு.

ஆனால் அவர் கேட்டது இதை இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

அதனால் உங்களிடம் விடுகிறேன். வைத்திருக்கத் தோன்றினால் வைத்திருங்கள், தலையணை சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கத் தோன்றினால் இறக்குங்கள். தலை தெற்கே. கழுத்து நிற்காது, தாங்கிப் பிடியுங்கள். உடம்பு தரையில் படுமுன்னே வலது கையை மட்டும் முதலில் கீழே விடுங்கள்.

அவளிடம் அவர் மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கும்