மூலை ஸ்டூல்

விளக்கு போடுகிற நேரம் வந்துவிட்டால் அந்தத் தெருவில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது. கடைக்கு ஒரு பாட்டு அலறும். வாசலுக்கு ஓர் ஆள் நின்று, போகிற வருகிறவர்களை "வாங்க சார், உள்ள வாங்க" என்று இழுப்பான். அந்தச் சந்தடிக்கு நடுவில், இரண்டு பெரிய கடைகளுக்கு இடையே பல் விழுந்த இடம் மாதிரி ஒரு சின்ன பார் இருந்தது. பாட்டும் கிடையாது, கூப்பிட ஆளும் கிடையாது. வேலை முடித்தவர்கள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டே ஒரு கிளாஸோடு ஊர்வம்பு பேசிவிட்டுப் போவார்கள்.

நடத்துகிறவளைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். தினமும் வந்து உட்காருகிற, அவளைவிட மூத்த டெய்லருக்குக்கூட அவள் அக்காதான். கூடப் பிறந்தவன் ஒருத்தன் மட்டும் அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தன் மகள் கல்யாண விருந்தில் அக்கா பரிமாறக் கரண்டியை எடுத்தபோது, சம்பந்தி வீட்டார் காதுபடவே, "ஊத்திக் குடுக்கிற கையால இங்க பரிமாற வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். கரண்டியை வைத்துவிட்டு வந்தவள்தான். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனாலும் ஒருநாள் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பாசம் மானம் பார்க்குமா, சொல்லுங்கள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மூலையில் ஒரு ஸ்டூல். மனசு சரியில்லாமல் வருகிறவர் அதில் உட்கார்ந்தால், யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவர்கள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். அக்காவும் கிளாஸை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்த ஒரு மனுஷனை ஆளாளுக்கு விசாரித்து அழவைத்த நாளில் அவளே போட்ட சட்டம் அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு மழைச் சாயங்காலம். நனையாமல் ஒதுங்க வந்தவர்களால் கடை நிறைந்திருந்தது. குடையை மடக்கிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அவன் நாலு பக்கமும் பார்த்தான். நேரே போய் மூலை ஸ்டூலில் உட்கார்ந்தான்.

'பேசாதே என்கிறானா?' அவளுக்குச் சுருக்கென்றது. 'இத்தனை நாள் கழித்து வந்து, வாயைத் திறக்காதே என்கிறானா? சரி ராஜா, உன் இஷ்டம்.'

எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை இல்லாமல் உப்புப் போட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரியே கொண்டுபோய் வைத்தாள். சட்டப்படி நகர்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். மழைக்குச் சளி பிடித்திருக்கும் என்று அவள் துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்து போய்விட்டான்.

"யாருக்கா அது, புதுசா இருக்காரு?" என்று கேட்டார் டெய்லர்.

"என் தம்பி."

"கூடப் பிறந்த தம்பியா? இந்தப் பக்கமே வராதவரா?"

"ஆமா. வந்தும் பேசப் பிடிக்கலை போல. அங்க போய் உக்காந்துட்டான்."

"ஏங்கக்கா, முதல் தடவை வர்றவருக்கு அந்த ஸ்டூல் சங்கதி எப்படித் தெரியும்? வேற இடமே காலியா இல்லையே."

கையிலிருந்த துணியைப் போட்டாள். மூலைக்குப் போனாள். கிளாஸின் அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. சின்ன வயசில் இரண்டு பேருக்கும் ஒரே தம்ளர். "கடைசி வாய் அக்காவுக்கு" என்று வைத்துவிட்டு ஓடுவான். வேண்டாம் என்று அவனே சொன்ன அதே கையிலிருந்து நாலு பேர் பார்க்க வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்குமேல் ஒரு மனுஷன் எப்படித்தான் மன்னிப்புக் கேட்பான்?

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். எதிர்க்கடை வாசல்காரன், "யாரைக்கா தேடுறீங்க?" என்றான்.

"கறுப்புக் குடை வச்சிருந்தவரை."

"எல்லாம் கறுப்புக் குடைதானேக்கா."

போன் போட்டாள். தம்பி பெண்டாட்டிதான் எடுத்தாள். "எடுக்க மாட்டேங்கிறார் அண்ணி. 'போய் உக்காந்தேன், அக்கா பேசலை, கடையே முதுகைத் திருப்பிக்கிச்சு'ன்னு மட்டும் சொன்னார்."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஸ்டூலா அண்ணி?"

"ஆமாம்மா, ஸ்டூல்தான்." சொல்லும்போது அவளுக்கே அது பொய் மாதிரி இருந்தது.

விடிந்ததும் நேரிலேயே போனாள். தம்பி எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றான். 'வாக்கா' என்று சொல்லத் தெரிந்த வாய். நடந்ததைச் சொன்னாள். "பரவாயில்லைங்க, கடைன்னா ஆயிரம் வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மழை நின்றுவிட்டதா என்று ஜன்னலைப் பார்த்தான். தான் செய்ததற்கே கூசிப்போன மனசு அவனுக்கு, கண்ணுகளே. ஒரு தரம் துணிந்து வந்தது, இன்னொரு தரம் வரவில்லை.

மூலை ஸ்டூல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. யார் உட்கார்ந்தாலும் அக்கா அருகில் போய்க் குனிந்து, "தெரிஞ்சுதான் உக்காந்தீங்களா?" என்று கேட்கிறாள்.

"கேட்டுட்டா அப்புறம் அது என்னக்கா பேசாத இடம்?" என்று டெய்லர் சீண்டுவார்.

"ஒரு வார்த்தைதானே, போகட்டும் விடுங்க" என்பாள், வாசலைப் பார்த்துக்கொண்டே.