நாற்பது பேர் படிக்கும் பள்ளி

மங்களாம்பிகை அம்மாள் நினைவுத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் உருப்படியாக இருந்தது பெயர்ப்பலகை ஒன்றுதான். கும்பகோணத்திலிருந்து ஆள் வரவழைத்து, மூன்று வண்ணத்தில் எழுதியது. அதைத் தாண்டி உள்ளே போனால் பழைய நெல் கிடங்கு. நடுவில் இரும்பு கடைகிற லேத் ஒன்று நின்றது. ஏலத்தில் எடுத்தது, மோட்டார் கிடையாது. மோட்டார் அடுத்த மாதம் வருகிறது என்று பள்ளி திறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டு மாதமாக மருதையன் அங்கே டர்னர் வேலை படித்தான். படித்தான் என்று சொல்வது மரியாதைக்கு. வாத்தியார் தியாகராசன் அதற்கு முன்பு டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர், தாளாளருக்கு மச்சினன் முறை. அவர் கரும்பலகையில் லேத் படம் போடுவார். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் போடுவார்கள். மருதையன் பதினான்கு முறை போட்டிருந்தான். செய்முறைப் பயிற்சி என்று வாரம் இரண்டு நாள் தாளாளரின் தென்னந்தோப்புக்கு ஓட்டிப் போவார்கள். அங்கே மட்டை பொறுக்குவதும் பாத்தி கட்டுவதும்தான் பயிற்சி. பாத்தி கட்டுவதை அவனுடைய ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாளாளர் பஞ்சநதத்துக்குத் தொழிற்கல்வி மேல் திடீரென்று இப்படி ஒரு காதல் வந்ததற்குக் காரணம் இருந்தது. நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்துச் சட்டம் வந்ததும், வரம்புக்கு மேல் கையில் மிஞ்சிய நாற்பத்திரண்டு ஏக்கரை எங்கே ஒளிப்பது என்று மனிதர் தவித்துப்போனார். கல்வி அறக்கட்டளைக்கு விலக்கு உண்டு என்று வக்கீல் காதில் ஓதினார். செத்துப்போன தாயார் பெயரில் அறக்கட்டளை பிறந்தது. அதன் பெயருக்கு நிலம் போனது. நிலத்துக்குக் காவலாகப் பள்ளி வந்தது. ஆட்சி மாறிய வாரமே வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டவருக்கு இது பெரிய வேலையில்லை. நாற்பது பேர் படிக்கிறார்கள் என்று பதிவேடு சொல்கிறவரைக்கும் ஒரு குழி நிலத்தைக்கூட யாரும் தொட முடியாது.

உண்மையில் படித்தது பதினோரு பேர். மற்றவர்கள் சேர்ந்த இரண்டாம் மாதமே திருப்பூருக்கும் பம்பாய்க்கும் போய்விட்டார்கள். பெயர்கள் மட்டும் பதிவேட்டில் தங்கி, தினமும் ஆஜராகிக்கொண்டிருந்தன.

அந்த நாற்பத்திரண்டு ஏக்கரில் முப்பது வருடமாக நட்டு அறுத்த குடும்பங்கள், பள்ளி பொய், நிலத்தை எங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று மனுப் போட்டிருந்தன. மனுவில் மூன்றாவது கையெழுத்து அரசப்பனுடையது. அரசப்பன் மருதையனின் அப்பா. விவசாயச் சங்கத்து ஆட்கள் ஒரு கோடை முழுக்கச் சொல்லிக்கொடுத்துத் தன் பெயரை மட்டும் எழுதக் கற்றவர். வேறு எழுத்து தெரியாது. அப்பாவின் பெயர் மனுவில், மகனின் பெயர் பதிவேட்டில். ஒன்றை ஒன்று அடிக்கிற பெயர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மருதையனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வரும்.

இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து என்ன செய்வது? முந்தின வருடம் முடித்த இளையபெருமாள் அந்தச் சான்றிதழோடு திருச்சியில் ஒரு பட்டறைக்குப் போனான். ஓடுகிற லேத்தின் முன்னால் நிறுத்தி, இரும்பைப் பூட்டு என்றார்களாம். எங்கே பூட்டுவது என்று கேட்டிருக்கிறான். சாயங்காலமே ஊருக்குத் திரும்பிவிட்டான். இன்றைக்கும் அவன் அப்பா கடையில் வெல்லம்தான் நிறுக்கிறான். அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கக்கூட இவர்களுக்கு மனம் வரவில்லை.

தஞ்சாவூர் அரசாங்க ஐ.டி.ஐ.க்கு மருதையன் எழுதிப்போட்டான். இரண்டாம் வருடத்தில் ஒரு இடம் காலி, இருபதாம் தேதிக்குள் மாற்றுச் சான்றிதழோடு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், இல்லையென்றால் அடுத்த சேர்க்கையில் முதல் வருடத்திலிருந்துதான் என்று பதில் வந்தது. அவன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஞ்சநதத்திடம் போனான்.

அவர் கடிதத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். "இங்க என்னடா குறைச்சல்?"

"லேத்துக்கு மோட்டார் இல்லைங்க சார்."

"உங்க அப்பன் மோட்டார் வச்சா நாத்து நட்டான்? பதினெட்டாம் தேதி அந்த மனுவ விசாரிக்க தாசில்தார் வர்றாரு. அது முடியட்டும். ஒழுங்கா நின்னீன்னா டி.சி. தரேன். வாயத் தொறந்தே, நன்னடத்தைங்கற எடத்துல என்ன எழுதுவேன்னு எனக்கே தெரியாது."

பதினெட்டாம் தேதி காலையில் கிடங்கில் வெள்ளையடித்த வாசனை வந்தது. லேத்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, காய்வதற்குள் மாலையும் போட்டிருந்தார்கள். மாலை ஒட்டிக்கொண்டது. குமாஸ்தா செல்லதுரை வரிசை நிறுத்திக்கொண்டிருந்தான். பதினோரு பேரோடு இன்னும் இருபத்தொன்பது பேர், எல்லோரும் காக்கிச் சட்டையில். வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்த ஆட்கள். அவர்கள் நடுவே, கடைசி வரிசையில், தலைக்கு மை பூசி, மீசையை வழித்துக்கொண்டு அரசப்பன் நின்றார்.

மருதையனுக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் வரிசையை விட்டு விலகினான். பக்கத்தில் போனான்.

"என்னப்பா இது?"

"பேசாம இருடா. அய்யா நேத்து ஆள் வுட்டுக் கூப்பிட்டாரு. நான் வந்து நின்னா ஒனக்கு டி.சி. கொடுத்துர்றேன்னுட்டாரு."

"மனு?"

அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "மனு இன்னைக்கு நேத்தா போட்டோம். ஒனக்கு நாளன்னிக்கு கெடு."

வேறு ஆள் கிடைக்காமல் இல்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவனையே கொண்டுவந்து மாணவனாக நிறுத்துவதில் பஞ்சநதத்துக்கு ஒரு குஷி. இந்த ஜனங்களின் விலை என்னவென்று தமக்குத் தெரியும் என்ற குஷி. வெள்ளைச் சட்டைப் பையில் மடித்த கவர் ஒன்றை மருதையன் பார்க்கும்படி வைத்துக்கொண்டு அவர் நின்றார்.

தாசில்தார் காதர் மைதீன் பத்தரை மணிக்கு வந்தார். களைத்த மனிதர். அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி. இளநீரை வேண்டாம் என்றார், லேத்தைத் தொட்டுவிட்டு விரலில் ஒட்டிய பெயிண்ட்டைத் துடைத்துக்கொண்டார், நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை விரித்தார். "பேர் வாசிக்கட்டும். ஒவ்வொருத்தரா வந்து அவங்க பேருக்கு நேரா கையெழுத்துப் போடட்டும்."

செல்லதுரை எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தான். கையெழுத்துத் தெரியாதவர்கள் வலது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள். "லேத்துல அடிபட்டது சார், பெருவிரல் வைக்கட்டும்" என்றான். ஏழெட்டுப் பேருக்கு இதையே சொன்னான். ஓடாத லேத் இத்தனை பேர் கையைக் கடித்திருந்தது. தாசில்தார் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார், அடுத்த பெயரை வாசிக்கச் சொன்னார்.

மருதையன் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு மேசை ஓரமாக நின்றான். இன்னும் கால் மணி நேரம். கவர் கைக்கு வந்துவிடும். நாளைக்கே தஞ்சாவூர் பஸ். இந்தக் கிடங்கின் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை.

"இளையபெருமாள்" என்று வாசித்தான் செல்லதுரை.

"உள்ளேன் அய்யா" என்று அரசப்பன் வந்தார். வாழ்நாளில் ஒரு பள்ளிக்கூடத்திலும் கேட்டிராத, சொல்லியிராத வார்த்தை. வலது கையில் துணி.

"வாங்க தம்பி" என்றார் பஞ்சநதம். பிறந்ததிலிருந்து டா போட்டுக் கூப்பிட்ட வாய்.

செல்லதுரை மைப்பெட்டியை நகர்த்தினான். "இவருக்கும் கை அடி சார்." அரசப்பன் இடது பெருவிரலை மையில் வைக்கப் போனார். அந்த மழித்த முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது, மகனைப் பார்க்காமல் மகனிடமே கெஞ்சுகிற கெஞ்சல். மருதையனால் தாங்க முடியவில்லை.

"எங்க அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்" என்றான்.

தாசில்தார் பேனாவை மூடாமல் நிமிர்ந்தார். "யாரு அப்பா?"

"இவருதாங்க."

அரசப்பன் மகனை வெறித்துப் பார்த்தார். கோபமா, பயமா, சொல்ல முடியாத பார்வை. பிறகு பல்லால் முடிச்சை அவிழ்த்துத் துணியைக் கீழே போட்டார். பேனாவை வாங்கினார். இளையபெருமாள் என்ற பெயருக்கு நேரே, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, அ-ர-ச-ப்-ப-ன் என்று எழுதினார்.

தாசில்தார் தன் பையிலிருந்து மனுவை எடுத்துப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கோணல் எழுத்துகள்தான். கைத்துணி சுற்றிய மற்றவர்கள் ஒவ்வொருவராகத் துணியை உருவ ஆரம்பித்தார்கள்.

பஞ்சநதத்துக்கு வேர்த்தது. ஆனாலும் மனிதர் சளைக்கவில்லை. மருதையனை ஓரமாக இழுத்து, கவரைப் பிரித்துக் காட்டினார். முத்திரையோடு மாற்றுச் சான்றிதழ். நடத்தை: மிக நன்று.

"புடி. கெட்டிக்காரப் பையன் நீ. வெளையாட்டுக்குச் சொன்னேன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு, அது போதும். தஞ்சாவூர் சீட்டு ஒனக்குத்தான்."

மருதையன் அந்தத் தாளைப் பார்த்தான். அதற்காக இரண்டு மாதம் நாய் மாதிரி அலைந்திருக்கிறான். அதை வாங்கினால், இங்கே ஒரு பள்ளி நடந்தது, அதில் நான் படித்தேன் என்று அவனே சாட்சி சொன்னதாகும்.

"பள்ளிக்கூடம்னு ஒன்னு இருந்தாத்தானே சார், அங்கேருந்து மாறிப் போகணும்" என்றான், தாசில்தாருக்கும் கேட்கும்படி. "நான் சேர்றப்ப கொடுத்த எஸ்.எஸ்.எல்.சி. மார்க்குப் புத்தகத்த மட்டும் கொடுங்க."

புத்தகம் பீரோவிலிருந்து உடனே வந்தது, தாசில்தார் அதற்காகவே காத்திருக்கிறார் என்று தெரிந்ததால்.

வெளியே வந்ததும் அரசப்பன் காக்கிச் சட்டையைக் கழற்றிப் பெயர்ப்பலகைத் தூணில் தொங்கவிட்டார். இருவரும் வாய்க்கால் வரைக்கும் நடந்தார்கள். அரசப்பன் தலையில் பூசிய மையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த எடம் போயிடுமில்ல?"

"போயிடும்ப்பா. மொதல் வருஷத்திலேருந்துதான்."

"வருஷம் போனா போவட்டும்" என்றார். வழித்த மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இது மொளைக்க ஒரு மாசம் ஆவும். எல்லாருக்கும் பதில் சொல்லணும்."

நிலம் என்ன ஆனது என்பது கோர்ட்டு வாசலில் வருடக்கணக்காக இழுத்த வேறு கதை. மருதையன் அடுத்த சேர்க்கையில் தஞ்சாவூரில் தன்னைவிட இரண்டு வயது இளையவர்களோடு முதல் வருடம் சேர்ந்தான். விண்ணப்பத்தில், முன்பு தொழிற்பயிற்சி பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினான். அப்பாவின் கையெழுத்துக்கு அடுத்தபடியாக, அந்தப் பள்ளியைப் பற்றி எழுதப்பட்ட உண்மை அது ஒன்றுதான்.